ஒழுகும் மாடிக்குச் சதுர அடிக் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழை தொடங்கியதும் மொட்டை மாடி ஒழுகலை நிறுத்தித் தருவதாக வாசலில் நோட்டீஸ் விழும். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று அதில் ஒரே ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது மேலே அடிக்கும் பூச்சுக்கான விலை. செலவை ஏற்றுவதோ பூச்சுக்கு அடியில் கிடப்பவை.

மழையில்லாத நாளிலும் ஓதம் காயவில்லை என்றால் தொட்டிக் குழாயையோ மேல்மாடிக் குளியலறையையோதான் சந்தேகிக்க வேண்டும். மாடி முழுக்கப் பூசுவது வீண். மின்விசிறிக் கொக்கியில் சொட்டினால் ஓட்டை அதற்கு நேர் மேலே இருக்க வேண்டியதில்லை. தளத்துக்குள் ஓடும் ஒயரிங் குழாய் வழியே தண்ணீர் பத்தடி தள்ளியும் இறங்கும். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அந்தக் குழாய் வாயிலோ, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலோதான் இருக்கும். அங்கே மட்டும் கொத்தி, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையால் மூலையை வளைவாக அடைத்து, சுவரில் ஓரடி உயரம் பூச்சு ஏற்றினால் சின்னச் செலவோடு போகும்.

பெரிய செலவு பழைய சுர்க்கியை, அதாவது தளத்தின் மேல் போட்ட சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி அடுக்கை, எடுப்பதில். 1,000 சதுர அடியில் நாலு அங்குலச் சுர்க்கி என்றால் 333 கன அடி. உடைத்தால் உப்பி 450 கன அடியாவது வரும். ஒரு யூனிட் நூறு கன அடி என்பதால் இது நாலரை யூனிட் இடிபாடு, எடை பதினைந்து டன்னுக்குக் குறையாது. அதை இறக்கும் ஆள்கூலியும் வண்டி வாடகையும் யார் கணக்கு? நோட்டீஸில் இருக்காது. சந்து வீடாக இருந்தால் இன்னும் கூடும். இதைத் தவிர்க்கத்தான் சுர்க்கியின் மேல் பதித்த பழைய தட்டோட்டின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தளத்தில் எடை ஏறும், கைப்பிடிச் சுவர் குட்டையாகும், அடியில் சிக்கிய ஈரம் மழை நின்ற பிறகும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் இருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும். புது டைல்ஸ் அதைத் திருத்தாது.

கீழே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது தனிக் கணக்கு. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. சிமெண்ட் பூசி மறைத்தால் மறுபடி விழும். கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, பாலிமர் கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கம்பி கால் பங்கு தேய்ந்திருந்தால் பொறியாளர் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும்.

பூச்சுக்கு வருவோம். ‘ரெண்டு கோட்டிங்’ என்பது அளவே இல்லை. சிமெண்ட் பொடியும் பாலிமர் திரவமும் கலந்து அடிக்கும் வகையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ பிடிக்கும். 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 முதல் 185 கிலோ. எத்தனை கிலோ என்று முன்பே கேட்டு, வேலை முடிந்ததும் காலி டப்பாக்களை எண்ணுங்கள். உள்ளே ஈரம் ஊறிய தளத்தில் அடித்த பூச்சு கொப்பளித்து உரியக்கூடும். ஆகவே ஐப்பசி அவசரத்தை விட, தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி, பங்குனி மேல்.

உடைப்பு, இடிபாடு அகற்றல், கம்பி வேலை, வாட்டம், பூச்சு என்று தனித்தனியே விலை எழுதி வாங்குங்கள். மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே கடைசித் தவணை என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி