வெளிச்சுவருக்குக் கொடுத்த சிவப்பு வெளுத்துப்போனது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பில் நகல் இணைப்பில்),
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் கலர் ஆலோசகர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சிவப்பு எக்ஸ்டீரியர் எமல்ஷன் வெளுத்தது, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

போன வருடம் பொங்கலுக்கு முன்பு எங்கள் வீட்டு வெளிச்சுவர் முழுக்க உங்கள் நிறுவனத்தின் பெயின்ட் அடித்தோம். ஏழு வருட வாரண்டி என்று டப்பாவிலேயே பெரிதாகப் போட்டிருக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் அது. இரண்டாவது கோடை முடிவதற்குள் தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் சிவப்பு போய் ரோஸ் கலருக்கு வந்துவிட்டன. உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது. அதே சிவப்பில் வெள்ளை கலந்து பவழ நிறமாக அடித்த போர்ட்டிகோ முகப்பு இன்னும் மோசம். அங்கே என்ன கலர் அடித்தோம் என்று கேட்டால் எங்களாலேயே காட்ட முடியாது.

இந்த ஷேடை நாங்களாகப் பொறுக்கி எடுக்கவில்லை. அம்மா கேட்டது செங்கல் நிறம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த நிறத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. பாரிமுனைக்குப் போனால் 1892இல் திறந்த ஹைகோர்ட் கட்டடம், ஊருக்குப் போகவர சென்ட்ரல் ஸ்டேஷன் என்று சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்ந்த சிவப்பு அது. கடைக்கு வந்திருந்த உங்கள் கலர் ஆலோசகர்தான், "அது காவி மாதிரி மங்கலா இருக்கும், இதை அடிங்க, தெருவே திரும்பிப் பார்க்கும்" என்று ஷேட் கார்டில் பளிச்சென்ற இன்னொரு சிவப்பைக் காட்டினார். வெயிலில் நிற்குமா என்று அம்மா நேராகவே கேட்டார். "ஏழு வருஷம் கவலையே வேண்டாம்மா" என்பதுதான் கிடைத்த பதில். கடைக்காரரும் அப்போது பக்கத்தில் இருந்தார்.

இந்தப் புகாரின் மையமே அந்த பதில்தான். எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல என்பது பெயின்ட் தயாரிக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காவிச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. துருப்பிடித்து முடிந்த இரும்பை வெயில் அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. செங்கல் சிவப்பாக இருப்பதும் களிமண்ணில் உள்ள இரும்பு சூளையில் வெந்து அப்படி மாறுவதால்தான். பளிச்சென்ற சிவப்புகள் பெரும்பாலும் கரிம நிறமிகளில், அதாவது கார்பன் சேர்மங்களால் ஆன சாயப்பொடிகளில் வருபவை. அவற்றில் பல வகைகளைப் புற ஊதாக் கதிர் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். வெள்ளை கலந்து இளசாக்கினால் இன்னும் சீக்கிரம் போகும், எங்கள் போர்ட்டிகோ போனது போல. வீட்டுக்குள் ஹாலில் ஒரு சுவருக்கு அடிக்க அந்தச் சிவப்பு நன்றாகவே இருக்கும். மத்தியான வெயிலை நேராக வாங்கும் தெற்குச் சுவருக்கு அதைக் கொடுக்கலாமா? கொடுப்பதென்றால், "இது வெளுக்கும், காவி வெளுக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

புகார் கொடுத்த பிறகு உங்கள் ஆய்வாளர் வந்தார். ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் இரண்டு இடத்தில் வைத்தார். இது கடலோரப் பகுதி, உப்புக்காற்று, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, பெயின்டர் தண்ணீரை அதிகம் கலந்திருப்பார் என்று எழுதிக்கொண்டு போனார். அவர் சொன்ன எதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓதம் ஏறினால் பெயின்ட் கொப்புளம் விடும், செதில் செதிலாக உரியும், வெள்ளையாக உப்புப் பூக்கும். எங்கள் சுவரில் ஒரு இடத்தில் கூட அப்படி இல்லை. நிறம் மட்டும்தான் போயிருக்கிறது, அதுவும் வெயில் படும் இடத்தில் மட்டும். சன்ஷேடுக்கு அடியில் நிழல் விழும் பட்டை இன்றைக்கும் சிவப்பாக இருக்கிறது. வடக்குச் சுவரில் பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறது.

இதைவிடத் தெளிவான சாட்சி மேற்குச் சுவரில் இருக்கிறது. என் தங்கை மாடியில் டியூஷன் எடுக்கிறாள். பெயின்ட் வேலை முடிந்த கையோடு அவளுடைய தகர போர்டை அங்கே மாட்டினோம். புது போர்டு எழுத வேண்டி ஜூன் மாதம் அதைக் கழற்றினால், பின்னால் போர்டு அளவுக்கு நீளச் சதுரமாக அசல் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நிறம் பிரிகிறது. அதே சுவர், அதே டப்பா, அதே பெயின்டர், அவர் கலந்த அதே தண்ணீர். போர்டுக்குப் பின்னால் உப்புக்காற்று போகாதா என்ன? வெயில்தான் போகவில்லை. ஆய்வாளரை அந்த இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த அறிக்கையில் அந்தப் போட்டோ இல்லை. என்னிடம் இருக்கும் படங்களை இணைத்திருக்கிறேன்.

பெயின்டர் மேல் பழி போடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பிரைமர் காய விட்டு, இந்தச் சிவப்பு அடியில் இருப்பதை மறைக்கவில்லை என்று மூன்றாவது கோட்டும் பொறுமையாக அடித்தவர் அவர். ஜன்னலைச் சுற்றி அவரே அடித்த மஞ்சள் காவிப் பட்டை, அதுவும் உங்கள் பெயின்ட்தான், துளி மங்கவில்லை. அதுவும் இரும்பு ஆக்சைடு வகைதானே. வேலையில் குறை இருந்தால் அந்தப் பட்டையும் சேர்ந்தல்லவா போயிருக்க வேண்டும்?

அப்புறம் வாரண்டி. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், "குறிப்பிட்ட சில அடர் நிறங்களுக்கு நிறம் மங்குதலுக்கான வாரண்டி பொருந்தாது" என்று இருப்பதைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டீர்கள். எந்தெந்த நிறங்கள் என்று அந்த அட்டையில் இல்லை, ஷேட் கார்டில் இல்லை, கடையில் டின்டிங் மெஷின் ஓட்டும் பையனுக்கும் தெரியவில்லை. வாங்குகிறவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அடர் நிறம் என்று டப்பாவுக்குக் கூடுதல் விலையும் வாங்கியிருக்கிறீர்கள், பில்லில் அது தனியாகவே இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். தெற்கு, மேற்குச் சுவர்களுக்கும் போர்ட்டிகோவுக்கும் இரும்பு ஆக்சைடு நிறமியில் வரும் செங்கல் சிவப்பை, அம்மா முதலில் கேட்ட நிறத்தை, உங்கள் செலவில் அடித்துத் தர வேண்டும். பெயின்ட் மட்டும் கொடுத்தால் போதாது. எங்கள் தெரு அகலத்துக்குச் சாரம் கட்டுவதே பெரிய செலவு, கூலியும் அதுவும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மங்குதலுக்கு வாரண்டி பொருந்தாத ஷேடுகள் எவை என்ற பட்டியலை எழுத்தில் அனுப்புங்கள். ஷேட் கார்டிலேயே அந்த நிறங்களின் கீழ் "வெளிச்சுவருக்கு ஏற்றதல்ல" என்று தமிழில் அச்சடியுங்கள். கடன் வாங்கி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்களில் யாராவது நாளைக்கு அதே கார்டில் அதே சிவப்பைத்தான் தொட்டுக் காட்டுவார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போவேன். அதற்கான இரண்டு வருடக் கெடு இன்னும் முடியவில்லை.

மறுபடி ஆய்வுக்கு ஆள் அனுப்புவதானால், முன்பு வந்தவர் அல்லாத வேறொருவரை அனுப்புங்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் தை வரை சாரம் கட்ட முடியாது. அதற்கு முன் வேலை முடியும்படி தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை இரு பக்கமும், ஆய்வு அறிக்கை, சுவரின் படங்கள்.