செர்மாட் தொழிலாளருக்கு ஒரு பொதுச் சாமான் அறை கோரும் மனு

அனுப்புநர்:
செர்மாட் ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் தமிழர்களும், எங்களோடு கையொப்பமிட்டுள்ள சக தொழிலாளரும்

பெறுநர்:
கெமைண்டே (ஊராட்சி) மன்றத் தலைவர் மற்றும் மன்ற உறுப்பினர்கள்,
செர்மாட், வாலிஸ் மாநிலம், சுவிட்சர்லாந்து

நவம்பர் 2025

பொருள்: கூட்டாக வாங்கும் உணவுப் பொருள்களை இறக்கிவைக்கவும் மிஞ்சும் உணவைப் பகிரவும் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் அறை ஒதுக்கித் தருவது பற்றி.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எவரும் அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கலாம், அதனால் அவருக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது என்று கூட்டாட்சி அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு சொல்கிறது. எங்களில் பலருக்கு இங்கே வாக்குரிமை இல்லை. அதனால் இந்த வழியில் வருகிறோம். மனுவைத் தமிழில் எழுதி எங்களுக்குள் வாசித்துத் திருத்தினோம். ஜெர்மன் மொழியாக்கம் இத்துடன் இருக்கிறது.

ஊர்க் கடைகள் மேல் முறைப்பாடு சொல்ல நாங்கள் வரவில்லை. பெற்றோல் வண்டிகள் ஓடாத ஊர் இது. 1,600 மீட்டர் உயரத்துக்குச் சாமான் ரயிலிலும் அனுமதி பெற்ற வண்டிகளிலும் வந்து, மின்வண்டியில் மாறி ஏறித்தான் கடைக்குப் போகிறது. சுவிஸ் விலை சுவிஸ் விலைதான். ஆனாலும் பெரிய கடைகள் எல்லாவற்றிலும் மலிவு ரகம் என்று ஒன்று உண்டு. கையைக் கடிக்காமல் அரிசி, பருப்பு, எண்ணெய், மா எல்லாம் அதில் வாங்கலாம். மலிவான சாமான் இருக்கிறது, அதை வாங்க எங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை, வாங்கினாலும் வைக்க இடமில்லை. எங்கள் சிக்கல் அதுதான்.

எங்கள் வேலைநாள் எப்படிப் போகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். காலை வேலை, பிறகு சிம்மர்ஸ்டுண்டே என்கிற பின்னேர இடைவேளை, பிறகு இரவு பதினொரு மணி வரை அடுப்படி. பின்னேரம் கிடைக்கும் அந்த இரண்டு, மூன்று மணித்தியாலத்தில்தான் குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, வீட்டுக்குப் போன், கடை எல்லாம். அந்த நேரம் பார்த்துத்தான் மலையிலிருந்து இறங்கியவர்களும் சறுக்குச் சப்பாத்தோடு கடைக்குள் வருகிறார்கள். வாடகைக் குடியிருப்புகளில் ஆள் மாறுகிற சனிக்கிழமைகளில் நிலைமை இன்னும் மோசம். வந்திறங்கும் குடும்பங்கள் ஒரு வாரச் சாமானை ஒரே நேரத்தில் அள்ளும்போது முதலில் தட்டுக் காலியாவது மலிவு ரகத்தில்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. விடுமுறைக்கு வருபவரும் காசைப் பார்த்துத்தான் செலவழிக்கிறார். திகதி முடியப்போகும் சாமானில் அரை விலை ஸ்டிக்கர் ஒட்டுவது கடை பூட்டப் போகிற நேரத்தில். அப்போது நாங்கள் யாருக்கோ உருளைக்கிழங்கு ரெஸ்டி வறுத்துக்கொண்டு நிற்கிறோம்.

அடுத்தது இடம். ஊழியர் அறைகள் பலவற்றில் அடுப்புக் கிடையாது. நாலு பேருக்கு ஒரு சின்ன பிரிட்ஜ் என்றால் ஒருவருக்கு ஒரு தட்டுத்தான். பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளலாம். வெங்காயத்தையும் தேங்காய்ப்பால் பெட்டியையும் எங்கே வைப்பது? அதனால் எல்லாவற்றையும் சின்னப் பொதிகளாக, கூடிய விலைக்கு வாங்குகிறோம். சுவிஸ் கோழி நெஞ்சுக்கறி கிலோ 30 பிராங்குக்குக் கிட்டப் போகிறது. உறையவைத்த வெளிநாட்டுக் கோழி அதில் பாதி விலைகூட வராது. உறைபெட்டி இல்லாதவருக்கு அந்த மலிவால் என்ன பயன்?

ஹோட்டலிலேயே சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். சாப்பிடலாம். வேறு உடன்பாடு எழுதப்படாவிட்டால் ஏ.எச்.வி. (அரசின் முதியோர் காப்புறுதி) கணக்குப்படி காலைக்கு 3.50, மதியத்துக்கு 10, இரவுக்கு 8 பிராங் என்று சம்பளத்தில் கழியும். மூன்று வேளையும் என்றால் மாதம் 645 பிராங். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு ஹோட்டல் துறைக் கூட்டு ஒப்பந்தம் 2025க்கு வைத்திருக்கும் அடிப்படைச் சம்பளம் 3,706 பிராங். அதிலிருந்து காப்புறுதி, அறை வாடகை, வரி எல்லாம் போக வேண்டும். பள்ளத்தாக்கு விலையில் மொத்தமாக வாங்கி, நாலைந்து பேர் சேர்ந்து சமைத்தால் ஓர் ஆளுக்கு மாதம் 300 பிராங்குக்குள் வயிறார முடிகிறது. சோறு, பருப்பு, முட்டை, மரக்கறி, கிழமையில் ஒரு நாள் கோழி, குறையொன்றும் இல்லை. மிச்சக் காசு ஊரில் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது.

சரி, பள்ளத்தாக்குக்குப் போய் வாங்கலாமே? போகிறோம். பள்ளத்தாக்கில் உள்ள விஸ்ப் நகரத்துக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், திரும்பிவர அதே அளவு. காசு கட்டி ஹால்ப்டாக்ஸ் என்கிற அரைக் கட்டண அட்டை வைத்திருந்தாலும் டிக்கெட்டுக் காசு மலிவு அரிசியின் இலாபத்தைத் தின்றுவிடும், ஒரே முறையில் நிறையத் தூக்கி வந்தாலொழிய. சிவப்பரிசியும் மிளகாய்த்தூளும் வேண்டுமென்றால் பேர்ண் தமிழ்க்கடை வரை. சனிக்கிழமை லீவு கிடைப்பவர்கள் ப்ரிக்கிலிருந்து சிம்ப்ளோன் சுரங்கம் வழியாக இத்தாலியில் டோமோடொசோலாச் சந்தைக்கும் போகிறார்கள். வாலிஸ்காரர் பலருக்கும் அந்தச் சந்தை பழக்கமானதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2025 ஜனவரியிலிருந்து வரியில்லாமல் கொண்டுவரும் அளவு 300 பிராங்கிலிருந்து 150 ஆகிவிட்டது. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான். எப்படிப் பார்த்தாலும் செர்மாட்டில் உழைத்த காசு வேறு நாட்டில் செலவாவது மன்றத்துக்கு உவப்பான காரியமாக இராது.

ஆகவே நாங்கள் கேட்பது ஓர் அறை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மன்றத்துக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றின் நிலவறையானாலும் போதும். மின்சாரமும் தண்ணீரும் பூட்டும் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு முறை நாங்கள் கூட்டாகப் பட்டியல் போட்டு, மொத்த விலையில் வாங்கும் உலர் சாமானை அங்கே இறக்கிப் பிரித்துக்கொள்வோம். தட்டுகளும் ஓர் உறைபெட்டியும் எங்கள் செலவு. வாங்குவதும் கணக்கு வைப்பதும் நாங்கள்தான். கடை நடத்தும் எண்ணம் கிடையாது, இலாபமும் கிடையாது.

அறை வாசலில் ஒரு பொது பிரிட்ஜும் வேண்டும். 2014இல் பேர்ணில் தொடங்கிய மடாம் ஃப்ரிகோ அமைப்பின் பிரிட்ஜுகள் சுவிஸில் பல இடங்களில் நிற்கின்றன. சமைத்த உணவு, இறைச்சி, மீன், மதுபானம் வைக்கக்கூடாது. பழம், மரக்கறி, பாண், உடைக்காத பொதிகள் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். அதே விதிகளோடு ஒன்று இங்கே நின்றால் போதும். ஏப்ரல் முடிவில் கதவடைக்கும் ஹோட்டலில் சமையலறை துப்புரவாக்கியவர்களுக்கு, எவ்வளவு நல்ல சாமான் குப்பைக்குப் போகிறது என்று தெரியும். விருந்தினரும் கிளம்பும் சனிக்கிழமை காலையில் பாதி வெண்ணெயையும் பிரிக்காத பாஸ்தாவையும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுப் போகிறார்கள். உடைத்த வெண்ணெய் பிரிட்ஜுக்கு ஆகாது; பாஸ்தா ஆகும்.

சாமான் ஆளைத் தேடிப் போவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மிக்ரோ (Migros) என்ற பெரிய கடை நிறுவனம் 1925இல் சூரிச்சில் தொடங்கியது கடையாக அல்ல, ஐந்து வண்டிகளாக. கோப்பி, அரிசி, சீனி, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம் என்று ஆறு சாமான்தான் அவற்றில் இருந்தன. தேங்காய்க் கொழுப்பு அந்தப் பட்டியலில் இருந்தது எங்களுக்கு ஒரு தனிச் சந்தோசம். அந்த விற்பனை வண்டிகளில் கடைசியாக ஓடியதும் இந்த வாலிஸில்தான், 2007 வரை.

இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஜனவரியில் பனி வழியை அடைத்தபோது ஏறத்தாழ 13,000 பயணிகள் இங்கே மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூனில் வெள்ளம். 2025 ஏப்ரலில் மறுபடியும் பனி, மின்சாரமும் போனது. அப்படியான நாள்களிலும் அவர்களுக்குச் சமைத்துப் போடுவது நாங்கள்தான். ஊருக்குள் ஓர் அறையில் அரிசியும் பருப்பும் கையிருப்பாக இருப்பது எங்களுக்கு மட்டும் உதவும் காரியமல்ல.

இங்கே வந்து தங்குபவர்கள் கட்டும் விருந்தினர் வரிப் பணத்தில் இதைச் செய்யச் சொல்லவில்லை. அது விருந்தினருக்கே செலவழிக்க வேண்டியது என்று அறிவோம். அறையும் மின்சாரமும் தவிர மற்றச் செலவு எங்களுடையது. இந்தக் குளிர்கால சீசனுக்கு மட்டும், 2026 ஏப்ரல் முடிவு வரை, பரீட்சார்த்தமாகத் தந்து பாருங்கள். திறக்கும் நேரம் பின்னேரம் இரண்டரை முதல் ஐந்து வரை இருந்தால் சிம்மர்ஸ்டுண்டேயில் வர முடியும். இரவு வேலை முடிந்து வருபவர்களுக்குக் குறியீட்டுப் பூட்டு வேண்டும். பத்து மணிக்குப் பிறகு ஊர் அமைதி காக்கப்பட வேண்டும் என்பதால் அப்போது சாமான் எடுப்பது மட்டும், பிரிப்பதோ வண்டி இறக்குவதோ இல்லை. துப்புரவுக்கும் பிரிட்ஜ் சோதனைக்கும் நாள்வாரியாகப் பெயர்கள் போட்ட அட்டவணையை இணைத்திருக்கிறோம். எங்களோடு வேலை செய்யும் போர்த்துக்கல் நண்பர்கள் பாதி நாள்களை ஏற்றிருக்கிறார்கள்.

பொருத்தமான அறைகள் எவை என்று காட்ட மன்ற அலுவலர் ஒருவரை ஒரு பின்னேரம் எங்களோடு அனுப்பிவைத்தால் நன்று. டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் பதில் கிடைத்தால், கிறிஸ்மஸ் கூட்டத்துக்கு முன் முதல் பட்டியலைப் போட்டுவிடுவோம்.

நன்றி.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்

இணைப்பு: ஜெர்மன் மொழியாக்கம், கையொப்பத் தாள்கள், துப்புரவு அட்டவணை