ஊற்றுப் பாதையும் சைக்கிள் தடமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன திங்கட்கிழமை நான்காம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே மாதிரி பளபளக்கும் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தார்கள். துணி ரிப்பன் இல்லை, பிளாஸ்டிக். இடைவேளையில் பார்த்தால் பையன்களின் கிரிக்கெட்டுக்குப் புத்தம்புது ஸ்டம்ப், நுனியில் மஞ்சள் பெயின்ட். விசாரித்ததில் இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு என்று தெரிந்தது. ஊற்றிலிருந்து பள்ளிக்கு வரும் ஒத்தையடிப் பாதையில், சைக்கிள் தடத்துக்காக அளவெடுத்தவர்கள் சில்வர் ஓக் மரங்களில் கட்டிவிட்டுப் போன ரிப்பனும், மண்ணில் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சிகளும்தான் அவை.

திட்டினேன். ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டே, “வீட்ல எல்லாரும் புடுங்கிப் போடணும்னுதான் டீச்சர் பேசிக்கிட்டாங்க” என்றான். அதனால்தான் இந்தக் கடிதம் அவனுக்கு இல்லாமல் உங்களுக்கு வருகிறது. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகளே வாசித்துக்காட்ட வேண்டும். இந்த இடத்தை யாராவது வேகமாகத் தாண்டினால் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

சைக்கிள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறேன். எனக்கு பஸ்ஸில் வந்தாலே மூச்சு வாங்குகிறது. நம்மிடம் எட்டாவது முடித்துப்போன பிள்ளைகளுக்கும் பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கிடைக்கிறது. “போறப்ப நான் சைக்கிள் மேல, வர்றப்ப சைக்கிள் என் மேல” என்று ஒருவன் சொல்லிச் சிரித்தான். தடம் வந்தால் ஒரு டீக்கடை போடலாம், ஒரு அறையை வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். நியாயமான நினைப்புதான். மே மாதக் கோடை விழாவை மட்டும் நம்பி வருஷம் முழுவதும் ஓட்ட முடியாது.

தடம் வரட்டும். ஊற்றுக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள அந்த ஒரு துண்டு வழியாக மட்டும் வர வேண்டாம் என்பது என் கருத்து.

அந்தத் துண்டு உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பக்கம் காப்பிச் செடி, மறுபக்கம் சரிவு. பெரிய பலா மரத்தடியில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றுதான் மற்றவரை விட வேண்டும். இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு, சிலர் சைக்கிளில் சோதனை ஓட்டம் போனபோது, தூக்குவாளியில் பால் கொண்டுவந்த நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பயந்து செடிக்குள் குதித்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, பால் மண்ணில். அந்த இளைஞர்கள் இறங்கி, வாளியைத் தேடி எடுத்துக்கொடுத்து, வீடு வரை கூடவே போய் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். பாதை அகலமாக இருந்திருந்தால் மன்னிப்புக்கே வேலை இருந்திருக்காது.

எட்டாம் வகுப்பில் இதையே கணக்காகப் போட்டோம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் ஒரு நொடியில் ஏழு மீட்டர் தாண்டும். ஐப்பசிப் பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. பத்தடி என்பது மூன்று மீட்டர். மீதியைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அதோடு மழையில் ஊறிய செம்மண், பிரேக் பிடித்தாலும் நிற்க விடாது.

கார்த்திகை பிறந்து காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் இன்னொரு சிக்கல். தலையில் மூட்டையோடு இறங்கும் தாய்மார்களால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. காட்டெருமை விஷயமும் இருக்கிறது. நாம் பேசிக்கொண்டே நடப்பதால் சத்தம் கேட்டு அவை விலகிப் போகின்றன. சைக்கிள் சத்தமில்லாமல் திருப்பத்தில் போய் முன்னால் நின்றால் மிரண்டுவிடும். மிரண்ட மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? சரிவில் டயர் கிழிக்கும் கோட்டில்தான் மழைத் தண்ணீரும் இறங்கும். இரண்டு மழைக்காலம் போனால் பாதையே ஓடையாகிவிடும்.

மேலே தோட்டத்து ஜீப் பாதை இருக்கிறது. கொஞ்சம் சுற்றுதான். ஆனால் அகலம், வளைவிலும் ஆள் தெரியும், பிள்ளைகள் நடமாட்டமும் இல்லை. தோட்டக்காரர் சம்மதம் வேண்டும், அதைக் கேட்டுப் பார்க்கலாமே. டீக்கடை போட நினைப்பவர்களுக்கும் அந்த வழிதான் ஊர் முகப்புக்குப் பக்கம்.

இதை டீக்கடை பெஞ்சில் பேசினால் அங்கேயே ஆறிவிடும். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் ஒரு மனு தயாராகிறது. காலாண்டு விடுமுறைதான், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அம்மாக்களும் கட்டாயம் வாருங்கள். அந்தப் பாதையில் அதிகம் நடப்பது நீங்கள்தான். போன முறை சபையில் நான் எண்ணியது நான்கே நான்கு பெண்கள்.

இத்துடன் ஒரு துண்டுச் சீட்டு இணைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து யார் யார், எந்த நேரத்தில், எதற்காக அந்தப் பாதையில் போகிறார்கள் என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். தண்ணீருக்கு, விறகுக்கு, ரேஷன் கடைக்கு, எதுவானாலும் எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.

கடைசியாக முளைக்குச்சி. வழி பிடிக்கவில்லை என்றால் சபையில் சொல்லலாம், பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் நம் பேச்சு எடுபடாது. மொத்தம் பன்னிரண்டு என்று அளவெடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். எட்டு என் அறையில் இருக்கிறது, அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். மீதி நான்கு யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்க மாட்டேன். காலையில் பள்ளி வாசலில் சாய்த்து வைத்துவிட்டால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்