சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வாசிகசாலை வழமைபோல் இயங்கியது. விளையாட்டு விழா மழையால் தள்ளிப்போய் ஒருவழியாக நடந்து முடிந்தது. இவற்றை நீட்டத் தேவையில்லை. இந்த வருடம் நிலையத்தில் அதிகம் பேசப்பட்டது 1998இல் சுட்டு வீழ்த்தப்பட்ட லயன்எயார் 602 பயணிகள் விமானம் பற்றித்தான்; அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே போகிறது.

அந்த விமானத்தைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைக்க வேண்டுமென்று இளையோர் வட்டம் கேட்டது. நிர்வாகசபையில் தயக்கம் இருந்தது. பழைய புண்ணைக் கிளறுவானேன் என்றார்கள் சிலர். யாருடைய பெயரைச் சொன்னாலும் வம்புதான் என்றார்கள் வேறு சிலர். கடைசியில், சரி, பதிவில் உள்ளதைப் பேசுவோம் என்று முடிவானது.

1998 செப்டெம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்குக் கிளம்பிய அன்ரனோவ் 24 விமானம் அது. பயணிகள் 48 பேர், சிப்பந்திகள் 7 பேர். ஏறிச் சுமார் 10 நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. கிளிநொச்சியில் புலிகளின் ‘ஓயாத அலைகள் இரண்டு’ படை நடவடிக்கை நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே வீழ்த்தியது என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு.

இளையோர் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்று: இவ்வளவு ஆபத்திருந்தும் ஏன் ஏறினார்கள்? பெரியவர்கள் பதில் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடிக் கிடந்தது. 2002 வரை திறக்கவேயில்லை. கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் கப்பல், இல்லாவிட்டால் விமானம். ஆஸ்பத்திரி, விசா, கலியாணம் எதுவானாலும் இதே கதைதான்.

ஆபத்து தெரியாமலும் இல்லை. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த நாட்களில் பலாலியை அண்டி விமானப்படையின் இரண்டு அவ்ரோ போக்குவரத்து விமானங்கள் ஏவுகணையால் விழுந்திருந்தன. சேவையை நிறுத்தச் சொல்லி லயன்எயார் நிறுவனத்துக்குப் புலிகளின் எச்சரிக்கையும் போயிருந்தது. சுட்டவர்களின் பொறுப்பு இதனால் ஓர் இம்மியும் குறையாது என்பது என் கருத்து. ஆனாலும், அந்த வான்வழியில் ஆட்களை ஏற்றலாம் என்று முடிவெடுத்தவர்களையும் கேட்கத்தான் வேண்டும். 2014இல் உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17 பற்றிய டச்சு விசாரணையும் இதே கேள்வியை எழுப்பியது. அங்கே வான்வெளியை 32,000 அடி வரை மூடியிருந்தார்கள், விமானம் 33,000 அடியில் போனது.

ஓர் அங்கத்தவர் சட்டம் பற்றிச் சொன்னது பலருக்குப் புதிது. பறக்கும் பயணிகள் விமானத்தை ஆயுதத்தால் தாக்கலாகாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் பின்னர் சேர்த்த ‘3 பிஸ்’ பிரிவு நடைமுறைக்கு வந்தது 1998 அக்டோபர் 1ஆம் திகதி. நம்முடைய விமானம் விழுந்து இரண்டே நாள். முந்தியே வந்திருந்தாலும் பலனில்லை. அது அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும்.

சிதைவுகள் இரணைதீவுக் கடலில் 2012இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு மீட்ட உடுப்புகளை உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பற்றிப் பேச வந்தபோது கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

அக்காலத்தில் கப்பலிலும் விமானத்திலும் போய்வந்தோரின் பயண நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் வேலை அடுத்த வருடத்துக்கு முன்மொழியப்பட்டுள்ளது. பெயர் வெளியிட விரும்பாதவர்களின் பெயர் வராது. அப்புறம், வாசிகசாலைக் கூரை ஒழுகுவதையும் சபை கவனத்தில் எடுக்க வேண்டும். செலவு விபரத்தைப் பொருளாளர் தன் கணக்கறிக்கையில் வாசிப்பார்.

செயலாளர்