புண் ஆறட்டும் என்றால் எப்போது ஆறும்? கடலூர் மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கால் ரத்தக்குழாய் கெட்டு, கணுக்கால் பக்கம் ஆறாமல் கிடக்கும் வெரிகோஸ் புண் யாருக்கு வரும், ஏன் வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் வீட்டுக்காரரை ஓர் அரசு மருத்துவமனைக்கு மறுபடியும் அழைத்துப் போனேன். காலைப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை என்று சீட்டில் எழுதினார்கள். "முதல்ல புண் ஆறட்டும், அப்புறம் ரத்தக்குழாய்க்கு என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்றார்கள். போன தீபாவளிக்கு முன்னாலும் இதே பதில்தான்.

குழாய் கெட்டதால்தானே புண் ஆறவில்லை?

அவர் பரோட்டா மாஸ்டர். மாவு பிசைய ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நின்ற நிலைதான். இடது காலில், உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது, இறுகியது, அரித்தது. சொறிந்த இடம் ஒருநாள் திறந்துகொண்டது. ராத்திரி அவர் வந்ததும் நான்தான் கட்டைப் பிரிப்பேன். நீர் கசிந்து துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். சலைன் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் புதிதாக வந்த தோலும் கூடவே வந்துவிடும். அந்த நேரத்தில் அவர் செல்போனில் ஏதாவது காமெடியைச் சத்தமாக வைத்துக்கொள்வார், முனகுவது பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று. வாடை வருகிறது என்று முதலாளி அவரைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு, பின்கட்டில் வெங்காயம் நறுக்கப் போட்டுவிட்டார். கூலியும் குறைந்துவிட்டது. காலைத் தூக்கி வைத்து ஓய்வெடுக்கச் சொல்கிறீர்கள். எடுக்கலாம், அடுப்பு எரிந்தால்.

"இறுக்கிக் கட்டுங்க" என்றும் சொன்னார்கள். எவ்வளவு இறுக்கம், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒருவரும் சுற்றிக் காட்டவில்லை. காலுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பவருக்கு இறுக்கிக் கட்டினால் ஆபத்தாமே, அதையாவது முதலில் சோதித்திருக்கலாம்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவர்தான், குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். குழாயின் வால்வுகள் மூடவில்லை. மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கிக் கணுக்காலில் அழுத்துகிறது. முழங்கால் பக்கம் ஊசி நுழையும் அளவு துளை, அதன் வழியே லேசர் இழை, உள்ளேயே சூடாக்கிக் குழாயை அடைத்துவிடலாம் என்றார். காலை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். சிலருக்கு லேசருக்குப் பதிலாக, குழாயை அடைக்க நுரை மருந்து ஏற்றுவார்களாம். செலவைக் கேட்டோம், எழுந்து வந்துவிட்டோம்.

பிரிட்டனில் 450 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்ததே, அதை நீங்கள் படித்திருப்பீர்கள். கட்டும் போட்டு, குழாயையும் உடனே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. கட்டோடு காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. இரண்டு வாரத்தில் ஆறாத கால் புண்ணை ரத்தக்குழாய் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி அங்கே 2013லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. இங்கே "அப்புறம்".

கட்டடம் திறப்பதற்கு மட்டும் "அப்புறம்" கிடையாது; கல்வெட்டு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. உள்ளே போனால் ஸ்கேன் கருவி இருக்கும், கால் குழாய் பார்ப்பவர் இருக்க மாட்டார். புயல் வந்தால்தான் கடலூர் எல்லார் கண்ணிலும் படுகிறது. அப்போது வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று படம் எடுக்க எத்தனை பேர்! சரி, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

புண் திறந்திருக்கும்போதே டாப்ளர் பாருங்கள். லேசர் தேவைப்படுபவர்களுக்கு அதை இந்த மாவட்டத்திலேயே செய்யுங்கள்; முடியாவிட்டால், காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் அம்மாவுக்குக் கட்டு சுற்றக் கற்றுக்கொடுங்கள். அவர் எங்களுக்குச் சொல்லித் தருவார்.

தயவுசெய்து, புண் ஆறும்வரை காத்திருக்க மட்டும் சொல்லாதீர்கள். டாப்ளருக்கு என்றைக்கு வர வேண்டும் என்று ஒரு தேதி கொடுங்கள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பரோட்டா மாஸ்டரின் மனைவி,
கடலூர் முதுநகர்