அந்த ஒற்றைப் புள்ளி

ஆசிரியருக்கு,

வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில், வரும் ஐஸ் ஹாக்கி சீசனில் எந்த அணிக்கு எந்த இடம் என்று கணிப்பு வெளியிட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் இதை வெட்டி ஒட்டி வைக்க நான் ஒருவனாவது இருக்கிறேன். மகள் டொரன்டோவில் இருக்கிறாள். அவளால் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே இரவு 7 மணி ஆட்டம், குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரை. வெளியே புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், நான் கம்பளிக்குள் கைபேசியோடு.

சரி, குறைக்கு வருகிறேன். அணிகளை வரிசைப்படுத்தினீர்கள், புள்ளிக் கணக்கைச் சொல்லவில்லை. வென்றால் 2 புள்ளி. கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1 உண்டு. அந்த 1 லேசுப்பட்டதல்ல. 2022-23இல் பாஸ்டன் 65 ஆட்டம் வென்று 135 புள்ளி எடுத்தது. லீக் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். புளோரிடா 92 புள்ளியோடு, பிட்ஸ்பர்க்கை ஒரே புள்ளியில் முந்தி, கடைசி ஆளாகப் பிளே ஆஃபுக்குள், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குள், நுழைந்தது. அப்புறம் முதல் சுற்றிலேயே பாஸ்டனை, ஏழு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டத்தில், வீட்டுக்கு அனுப்பியது. பச்சைத் தேயிலை விலையைக்கூட இதைவிடச் சுலபமாகக் கணிக்கலாம்!

டொரன்டோவைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். 1967க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி, மகள் கோபித்துக்கொள்வாள்.

அடுத்த பட்டியலில் கூடுதல் நேரத் தோல்விக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

- தேயிலை விவசாயி, கோத்தகிரி