சனிக்கிழமை சந்திப்பு: தாதியர் தேவை

வணக்கம். வரும் சனி காலை 10 மணிக்கு, கோலாலம்பூர் செந்தூலில் வழக்கமான இடத்தில், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த ஆறு ஒராங் அஸ்லி (மலேசியப் பழங்குடி) மாணவர்கள் வருகிறார்கள். தாதிமை, மருத்துவ உதவியாளர், சமூகப்பணி படிப்புகளில் சேர ஆசை.

நம் குழுவில் ஓய்வுபெற்ற தாதியக்கா யாராவது இருந்தால் கட்டாயம் வாருங்கள். வார்டு வேலை எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். யுபியு (அரசு உயர்கல்விக்கூடச் சேர்க்கை) விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பிடிபிடிஎன் (அரசுக் கல்விக்கடன்) பணம் பெரும்பாலும் படிப்பில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். அதற்குமுன் பஸ் காசு, சீருடை, முன்பணம்தான் பெரிய தலைவலி. இதற்கு உதவ முடிந்தவர்கள் தனியாக எனக்குச் செய்தி போடுங்கள்.

அப்புறம், தீபகற்பத்தில் ஒராங் அஸ்லி இனங்கள் 18. செமாய் வேறு, தெமியார் வேறு, மொழியும் வேறு. போன முறைபோல "காட்டிலிருந்தா வந்தீங்க?" என்று யாரும் கேட்டு வைக்காதீர்கள், ப்ளீஸ். பசியாறல் உண்டு.